நிற்காத முள்

ஒரு வயலினும் ஒரு தாளப்பெட்டியும் ஒரே அலமாரியில் குடியிருந்தன. டக், டக் என்று முள்ளை ஆட்டித் தாளம் காட்டுவது பெட்டியின் வேலை. அதற்கு வயலின்மேல் கொள்ளைப் பிரியம். வந்த வினையே அதனால்தான்.

வயலின் பாட்டைக் கடகடவென்று வாசிக்கும். மூன்றாவது வரியில் மட்டும் வில் தடுமாறும். “இந்த இடத்துல கொஞ்சம் நில்லேன்” என்று கெஞ்சும். பெட்டியும் மனசு கேட்காமல் முள்ளை ஒரு நொடி பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. பாட்டு பாடமாகிவிட்டது என்று இரண்டும் பூரித்துப்போயின.

பிறகு ஒருநாள் வயலின் கச்சேரிக்குப் போனது. திரும்பி வந்ததும் பெட்டியிடம் நடந்ததைச் சொன்னது.

“மூணாவது வரியில நான் நின்னேன். மிருதங்கம் நிக்கலை” என்றது. “சபையில தாளம் போட்டுக்கிட்டிருந்த கையெல்லாம் ஒவ்வொண்ணா நின்னுபோச்சு.”

“நான்தான் உன்னை அப்படிப் பழக்கிட்டேன்” என்றது பெட்டி.

“அந்த வரி எனக்கு எந்த வேகத்துல தடுக்காம வருமோ, அந்த வேகத்துல முழுப் பாட்டையும் வை. நான் கெஞ்சினாலும் நிக்காதே.”

பெட்டி முள்ளை நத்தை வேகத்துக்கு இறக்கியது. இரண்டு வரிகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வரி நெருங்கியதும் வயலினுக்குப் பழைய பயம் வந்துவிட்டது.

“நில்லேன்” என்றது.

பெட்டிக்கு முள்ளைப் பிடித்துக்கொள்ள மனசு துடித்தது. பிடிக்காமல், அடுத்த டக்கை அதன் நேரத்தில் போட்டது.