காலிக் கட்டங்கள்

"இந்த ஓட்டை எல்லாம் என்ன?" ட்ரெவர் ஹாலம் பேனாவால் திரையில் இருந்த காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார். "வாரத்துக்கு ஒரு நாள் குப்புறப் படுத்துத் தூங்கிட்டியா?"

லெசியெலி, பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு உதவித்தொகையில் படிக்க வந்தவள். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது எப்படி என்று ஹாலம் பாடம் நடத்தும் வகுப்பில் எல்லோரும் அவரை 'ட்ரெவர்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட, இவள் மட்டும் 'சார்' என்பாள். அந்தப் பாடத்தில் தேறாவிட்டால் உதவித்தொகை போச்சு, படிப்பும் போச்சு.

விடுமுறை முழுக்கத் தன் தீவில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை அது. கடல் வற்றும்போது அத்தைமார்கள் பவளத்திட்டில் பிடித்து வரும் ஆக்டோபஸையும் சிப்பியையும் எடை போட்டுக் குறித்திருந்தாள்.

"தூங்கலை சார். எங்க ஊர்ல வந்து..."

"ஊர்க்கதை வேண்டாம். இதைக் கேக்கத்தான் ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை போன் பண்ணேன். ஏன் எடுக்கலை?"

"சர்ச்ல இருந்தேன் சார்."

"நாள் பூராவா? கடவுளுக்கே போர் அடிச்சிருக்கும்." ஹாலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஓட்டைக் கணக்கை எந்தப் பத்திரிகையும் தொடாது. முந்தின நாளையும் அடுத்த நாளையும் கூட்டு, ரெண்டால வகு, நடுவுல போடு."

"அப்படிப் போட்டா, போட்டோம்னு கட்டுரையில எழுதணுமே சார். நீங்கதானே வகுப்புல சொன்னீங்க?"

"வகுப்பு வேற, பிழைப்பு வேற. நகரு."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி அவரே கட்டங்களை நிரப்பத் தொடங்கினார். லெசியெலி மறுபடி வாயைத் திறந்தாள். "இன்னொரு வார்த்தை பேசினா ஃபெயில்" என்றார். மூடிக்கொண்டாள்.

மயிரிழையில் தேறினாள். சில மாதங்கள் கழித்து அதே கட்டுரை பெரிய ஆய்விதழ் ஒன்றில் வந்தது. மேலே ஒரே ஒரு பெயர். ட்ரெவர் ஹாலம்.

"என் பேரு சார்?"

"எடை போடறது கூலி வேலைம்மா. எழுதறதுதான் ஆராய்ச்சி."

"கடைசில நன்றின்னாவது ஒரு வரி..."

"இடம் இல்லை."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

ஆண்டு முடிவில் டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் மீன்வள மாநாடு. அந்தக் கட்டுரையை நம்பி ஹாலமிடம் பெரிய திட்டம் ஒன்றை ஒப்படைக்க இருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கையெழுத்து. ஊருக்கு வந்திருந்த லெசியெலி, அந்நாட்டு மரியாதை உடையாக இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு, சர்ச் பெண்களோடு அரங்கில் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாநாட்டுத் தலைவி லாவினியா அவளைக் காட்டி ஹாலமிடம் கேட்டார். "அந்தப் பொண்ணு பிரிஸ்பேன்ல படிக்குதாமே? இந்த ஆராய்ச்சியில உங்ககூட இருந்துச்சா?"

ஹாலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவளா? டீ குடுக்க வந்தவ."

லெசியெலியின் காதில் அது தெளிவாக விழுந்தது. தட்டை ஏந்தியபடி நேராக முன்வரிசைக்குப் போனாள். காலையில் ஜெபம் சொல்லி மாநாட்டைத் தொடங்கிவைத்த கிழப் போதகரிடம் கோப்பையை நீட்டியபடி, குனிந்து ஏதோ சொன்னாள். போதகர் சட்டைப்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மேடையில் ஹாலமின் குரல் கணீரென்று ஒலித்தது. திரையில் தேதிவாரியாக எடைக் கணக்கு. "ஒரு நாள்கூட விடாம எடுத்த கணக்கு" என்று முடித்தார். கைதட்டினார்கள்.

போதகர் கையைத் தூக்கினார். "நல்லா இருக்கு தம்பி. ஒரே ஒரு சந்தேகம். அந்தத் தீவுலதான் நான் காலமெல்லாம் போதகரா இருந்தேன். ஞாயித்துக்கிழமை எங்க நாட்டுல மீன் பிடிக்கிறது சட்டப்படி குத்தம். கடல்ல காலே நனைக்க மாட்டோம். உங்க கணக்குல எல்லா ஞாயிறும் ஆக்டோபஸ் மாட்டியிருக்கே? பிடிச்சவங்க பேரைச் சொன்னீங்கன்னா போலீஸ்ல சொல்லிடலாம்."

அரங்கம் குலுங்கியது. லாவினியா மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட எடுத்து வைத்திருந்த பேனாவை மூடினார். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கற்பனையா, இல்ல மத்த நாளுமா?"

சிரிப்பு பட்டென்று நின்றது.

ஹாலமின் காது சிவந்தது. "நான் எடை போடலை. எல்லாம் ஒரு மாணவி கொண்டுவந்து குடுத்த கணக்கு. தப்பு அவ மேலதான்."

"எந்த மாணவி? கட்டுரையில உங்க பேர் மட்டும்தானே இருக்கு?"

"அதோ, அங்க நிக்கிறா." ஹாலம் கையை நீட்டினார். "லெசியெலி, எடை போட்டது நீதானே? சொல்லும்மா. கட்டுரையில உன் பேரைச் சேர்த்துடலாம். முதல் பேரா."

மொத்த அரங்கமும் அவள் பக்கம் திரும்பியது. போதகர் மட்டும் தலையைத் தூக்காமல் தன் டீயில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

லெசியெலி காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கி முடித்துவிட்டு, எப்போதும் போல அடக்கமாகச் சொன்னாள்.

"நான் டீ குடுக்க வந்தவ சார்."