வெளுத்த புல்

கம்பி வேலிக்குள் நின்ற குத்துக்கல்லைக் காப்பதுதான் அவன் வேலை. வரலாற்றுக்கு முந்தைய கல், யாரும் தொடக்கூடாது. அது அசைந்தால் அவன் வேலை போய்விடும்.

அன்று காலை வேலிக்கு வெளியே, கல்லின் அடியளவுக்கே புல் வெளுத்திருந்தது. எதையோ வைத்து எடுத்த தடம். கல் என்னவோ உள்ளேதான் நின்றது. பூட்டும் பூட்டியபடி இருந்தது, சாவி அவன் இடுப்பில்.

மனைவியின் அண்ணன் மேல்தான் அவனுக்குச் சந்தேகம். கல் இருக்கும்வரை பக்கத்து மனையில் அவர் வீடு கட்ட முடியாது.

"என் வேலைக்கு உலை வைக்காதீங்க மச்சான். கல்லை நகத்திப் பாத்தீங்களா?"

"ஆமா மாப்ள, இடுப்புல தூக்கி வச்சு ஊரைச் சுத்திக் காட்டினேன். அழுதுச்சு, இறக்கி விட்டுட்டேன்."

அவன் நம்பவில்லை. மறுநாள் இன்னொரு தடம் தெரிந்தது, மச்சானின் மனைப் பக்கம் அல்ல, அவன் வீட்டுப் பக்கம். அதற்கடுத்தது அவன் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முன்வாசலில் செருப்பைக் கழற்றினான். சமையலறையில் மனைவி குனிந்த தலை நிமிராமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொல்லை வாசல்ல இப்படிக் குத்துக்கல்லாட்டம் நின்னா எப்படி? வெளிச்சம் மறைக்குதுல்ல, நகருங்க" என்றாள்.

அவன் முன்வாசலிலேயே நின்றான். காய் நறுக்கும் பலகைமேல் மெல்ல வெளிச்சம் விழுந்தது.