பிடரியில் ஒரு கல்

"நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க. வாயால சொன்னா நிறுத்த மாட்டேன்" என்றாள், தோலில் குத்தி நகை பதிக்கும் பியர்சிங் நிலையத்தை நடத்தும் அக்கா.

பிடரியில் கல் பதித்துக்கொள்ள வந்தவள் தலையாட்டிவிட்டுக் குப்புறப் படுத்தாள். படுக்கையின் தலைமாட்டில் முகம் பதிக்க ஒரு வட்ட ஓட்டை இருந்தது. அதன் வழியே தரை மட்டும் தெரிந்தது.

வந்தவுடன் குத்தி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அக்காவோ உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். சாப்பிட்டாயிற்றா, சர்க்கரை உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறாளா, காயம் ஆறினால் தழும்பு தடித்துக்கொள்ளுமா என்று. தடிக்காது என்று சொன்னதை நம்பாமல், மேல்கையில் இருந்த பழைய தடுப்பூசித் தழும்பை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு பிடரியில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துக் காட்டினாள். கல்லைத் தாங்க உள்ளே வைக்கப்போகும் டைட்டானியத் துண்டும் ஊசியும் பிரிக்காத உறையில் இருப்பதையும் காட்டினாள்.

"எனக்கு வேலை கொடுத்தவங்ககூட இவ்வளவு கேட்கலக்கா."

"அவங்க உங்க தோலுக்குள்ள எதையும் வைக்கப் போறதில்லையே."

அதுதான் அவர்கள் கடைசியாகச் சிரித்துக்கொண்டது. அப்புறம் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. கையுறை இழுபடும் சத்தம் கேட்டது.

"இப்ப குளிரும்."

குளிர்ந்தது. பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. வீட்டில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். அந்த ஊமைக்கோட்டான் தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது.

அண்ணனின் அச்சகத்தில் முன் மேசையில் உட்கார்ந்துகொண்டே மாலை வகுப்பில் பல் செட் செய்யும் படிப்பை முடித்ததைச் சொன்னாள். ஒரு லேபில் வேலை கிடைத்ததைச் சொன்னாள். வருவாளா மாட்டாளா என்று இன்று சாயங்காலத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அண்ணனுக்கோ இன்னும் விஷயமே தெரியாது. அவள் வாயைத் திறந்தால் வாக்கியத்தை அண்ணனே முடித்துவிடுவார். அந்த வாக்கியத்துக்கு அண்ணி ஒரு யோசனை சொல்வாள். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். இன்று ஒரு பயத்தைத் தாண்டினால் இன்னொன்றையும் தாண்டிவிடலாம் என்று நினைத்துத்தான் இங்கே வந்தாள்.

அக்கா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. "ம்" கூடக் கொட்டவில்லை. ஆனால் அவள் சொல்லத் திணறிய இடங்களிலெல்லாம் பிடரிமேல் இருந்த விரல்கள் வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றன. அவள் சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி அசைந்தன. இப்படி ஒருவர் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணன் எனக்கு எந்தக் குறையும் வைக்கலக்கா. ஆனா அங்கேயே இருந்தா நான் கடைசி வரைக்கும் முதலாளியோட தங்கச்சிதான்."

விரல்கள் நின்றன.

"எனக்குன்னு ஒரு மேசை வேணும். அதைக் கேட்கிறது தப்பா?"

விரல்கள் இன்னும் நின்றன. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மனசு லேசானது.

"இப்ப ரொம்ப சரியா இருக்கு" என்றாள் அக்கா. "மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க."

சுருக்கென்றது. பிறகு ஓர் அழுத்தம். அவ்வளவுதான்.

மேலே ஒட்டுப் போட்டபடியே அக்கா சொல்லிக்கொண்டு போனாள். தினமும் உப்புநீர் மருந்தால் கழுவணும். துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுக்கணும். முடியைத் தூக்கிக் கட்டணும். ஆறுகிறவரை நீச்சல் குளம் பக்கம் போகக் கூடாது. கல்லைத் திருகிப் பார்க்கக் கூடாது. சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் தானே பிடுங்காமல் டாக்டரிடம் போகணும். அவள் அதற்கெல்லாம் தலையாட்டியபடி எழுந்து உட்கார்ந்தாள். மனசுக்குள் ஒரே ஒரு எண்ணம்தான் ஓடியது.

ஊசியைக் குப்பையில் போட அக்கா மூலைப் பக்கம் போனதும் போனை எடுத்தாள்.

"என்ன, பேப்பர் லோடு வந்துடுச்சா?" என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"அண்ணா, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீங்க."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இனிமே முன் மேசைக்கு ஆள் தேடி நான் எங்கே போவேன்?" என்றார் அண்ணன். பிறகு அவரே, "எப்ப சேரணுமாம்?" என்றார்.

போனை வைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. "நீங்க மட்டும் இவ்வளவு பொறுமையாக் கேட்கலைன்னா, இன்னிக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

மூலையில் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சின்னதாக எதையோ எடுத்துக் காதுக்குப் பின்னால் மாட்டி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க. இந்தக் காது மெஷின் இல்லைன்னா இடி விழுந்தாக்கூட எனக்குக் கேட்காது. மாஸ்க் வாருல இது சிக்கிக்கும், தொட்டுச் சரிபண்ணினா கையுறையை மாத்தணும், அதான் வேலை நேரத்துல கழட்டி வெச்சிடுவேன்" என்றாள். "நடுவுல ஏதோ பேசினீங்களா? கழுத்து ஆடிட்டே இருந்தது, அது அடங்குற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கையை நிறுத்திட்டு நிக்க வேண்டியதாப் போச்சு."