பதினேழாம் எண் எலி

அவள் ஊசிக்குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

மருந்து அப்படியே இருந்தது. திங்கட்கிழமை நிரப்பியபோது நீல மையில் போட்ட கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை.

ஊசியிலிருந்து எலிக்குப் போகும் மெல்லிய குழாயின் கவ்வியை யார் மூடியது? வேறு யார், சாட்சாத் அவளேதான். நிரப்பும்போது காற்று புகாமலிருக்க மூடியவள், திறக்க மறந்துவிட்டாள்.



பதினேழாம் எண் எலி லீவரை அழுத்தினால் அதன் மூளைக்குள் ஒரு துளி போக வேண்டும். மூளையே சுரக்கிற ஒரு பொருளின் துளி. அந்தச் சுகத்துக்காகத்தான் எலி திரும்பத் திரும்ப அழுத்துகிறது என்பது அவள் ஆய்வேட்டின் வாதம். ஐந்து நாளில் இது இரண்டாயிரம் முறை அழுத்தியிருந்தது. மற்ற எலிகள் அதில் பாதிகூட அழுத்தவில்லை.

"இவன் ஒருத்தனே போதும்மா, உன் பிஎச்டிக்கு" என்று பேராசிரியர் இளம்பரிதி நேற்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு துளிகூடப் போகவில்லை. பிறகு எதற்காக அழுத்தியது?

வீடியோவைப் போட்டாள்.

எலி அழுத்தியது. உடனே தலையைத் தூக்கி வலப்பக்கம் பார்த்தது. அங்கே அவள் நாற்காலி.

அவள் டீ குடிக்கப் போன கால் மணி நேரமும் அது மூலையில் சுருண்டு கிடந்தது. அவள் வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய் அழுத்தியது.

ஒலியைக் கூட்டினாள்.

"அப்படித்தான்டா கண்ணு."

அவள் குரல். ஒவ்வொரு அழுத்தலுக்கும்.

சோதனை அறையில் வாயைத் திறக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவள்தான். பேசியது அவளுக்கே தெரியாது.



மேசையில் ஐஸ் பெட்டி தயாராக இருந்தது. மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க, பதினொரு மணிக்கு எலியின் மூளையை வெளியே எடுத்தாக வேண்டும். உண்மையைச் சொன்னால் எடுக்க வேண்டிய அவசியமில்லை, எலி பிழைக்கும். ஆனால் அவள் குரல் மற்ற எலிகளின் அத்தனை வீடியோவிலும் இருக்கும். மூன்று வருட உழைப்பு கோவிந்தா.

சோதனை முடிந்து எலியை மாற்றி வைத்திருந்த கூண்டின் பக்கம் திரும்பினாள்.

இந்தக் கூண்டில் லீவர் கிடையாது. எலி வெறும் சுவரில் முன்னங்காலை வைத்து ஒருமுறை அழுத்தியது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

காத்திருந்தது.

கதவருகே பேராசிரியர் வந்து நின்றார். பதினேழு தயாரா என்று கேட்டார்.

"சார்…" என்றாள்.

குரல் கேட்டதும் எலி இன்னொரு முறை அழுத்தியது.