பின்சக்கரத்துப் புகை

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வேகத்துக்கே வேகம் கற்றுக்கொடுத்த ஒரு பல் டாக்டரின் கதை கேட்கலாம்.

பந்தயத் தடத்தின் ஓரத்தில் கார் வந்து நின்றபோது பின்சக்கரம் இரண்டிலும் புகை. டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் புகையைத் தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க வேகத்தை வண்டி தாங்கல மாமா!" என்றபடி பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினான் மைத்துனன். மனைவியின் தம்பி. தனக்குத்தானே 'ராக்கெட்' என்று பேர் வைத்துக்கொண்டவன். வேறு யாரும் வைக்க முன்வரவில்லை.

வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிற மனிதர் டாக்டர். ஒரு பல்லைப் பிடுங்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பக்கத்துப் பல் தானாகவே விழுந்துவிடும் என்று கிளினிக் வாசலில் பேச்சு. அவரைப் பார்த்து 'வேகம்' என்று சொன்ன முதல் ஆள் ராக்கெட்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே, வாரநாளில் கிளினிக்குக்குப் போகிற அதே காரில் ஞாயிறுதோறும் தடத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

தடத்தின் மேனேஜருக்கு மட்டும் புகையை ரசிக்கத் தெரியவில்லை. "அடுத்த வாரமும் இப்படிப் புகைஞ்சுதுன்னா வண்டியை கேட்டுக்குள்ள விடமாட்டேன் டாக்டர். அப்புறம் மாசக் கடைசி ரேஸுக்கு நீங்க கைதட்டத்தான் வரணும்."

டாக்டர் நேரே மெக்கானிக்கிடம் ஓடினார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வழக்கமா முன்பிரேக்தான் சார் முதல்ல கொதிக்கும். உங்களுக்கு முன்னாடி சும்மா கதகதன்னு இருக்கு, பின்னாடி அடுப்பா எரியுது."

"அதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்குண்ணே. மாமா ஓட்டுறது உங்களுக்குப் புரியாது" என்றான் ராக்கெட். டாக்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கத்திலும் அவர் முதல் பரிசுக்காரர்.

அதன்பிறகு பின்சக்கரங்களுக்கு ராஜ உபசாரம் நடந்தது. நடுவே காற்று புகுந்து போகிற பெரிய பிரேக் டிஸ்க் வந்தது; அதைக் கவ்விப் பிடிக்க, சூடு தாங்கும் பேட் வந்தது; லேசில் கொதிக்காத பிரேக் ஆயில் வந்தது. டிஸ்க்கின் மேல் நேராகக் காற்றடிக்க வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வேண்டும் என்றார் மெக்கானிக். டாக்டர் வீட்டு வாக்குவம் கிளீனர் அன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது.

"ஏங்க, அந்தக் குழாயை எங்கங்க காணோம்?"

"காருக்குக் காத்து வேணும்மா."

"அடுப்படியில ஒரு ஃபேன் மாட்டுங்கன்னு கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப்போச்சு. அந்த வலிக்கு வைத்தியம் இல்ல. காருக்கு வேர்த்தா மட்டும் தாங்கலையோ?"

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் சொன்னார். "நான் தனியா எடுத்துட்டுப்போய் விரட்டிப் பார்த்தேன் சார். சூடே ஏறல."

"நீங்க ஊர்வலம் போயிருப்பீங்க" என்றான் ராக்கெட்.

மெக்கானிக் காதில் வாங்கவில்லை. "இன்னொண்ணு சார். ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தைத்தான் புடிக்கும். அதுக்கும் புதுக் கம்பி போட்டிருக்கேன். சூட்டோட நிறுத்தும்போது அதைத் தொட்டுடாதீங்க, கியர்ல போட்டுட்டு ஒரு கல்லை முட்டுக்குடுங்க."

"அதை நான் தொட்டே எவ்வளவோ நாளாச்சுப்பா" என்றார் டாக்டர் பெருமையாக. டாஷ்போர்டில் அடிக்கடி எரிந்து தொலைக்கிற சிவப்பு விளக்கின் மேல் ராக்கெட் ஏற்கெனவே கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தான். வீரனுக்கு எதற்கு எச்சரிக்கை?

ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் மனைவியும் முதன்முறையாகத் தடத்துக்கு வந்தாள். வீட்டுக் காற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்ட வண்டி அப்படி என்னதான் ஓடுகிறது என்று பார்த்துவிட வேண்டுமே.

கார் சீறிக்கொண்டு கிளம்பியது. "மிதிங்க மாமா! எனக்கெல்லாம் பயமே கிடையாது! இன்னும் மிதிங்க!" ராக்கெட்டின் கூச்சல் ஒவ்வொரு வளைவிலும் இன்ஜின் சத்தத்தையே அமுக்கியது. டாக்டர் தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மிதித்தார்.

நாலாவது சுற்றில் புகை வந்தது. போன வாரத்துப் புகை இதன் முன்னால் வெறும் ஊதுபத்தி. மேனேஜர் கொடியை உயர்த்திவிட்டார்.

காரை ஓரங்கட்டி இறங்கிய டாக்டர், முட்டுக்கொடுக்க எடுத்த கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "டிஸ்க் மாத்தினேன், பேட் மாத்தினேன், வீட்டுக் குழாயையே கொண்டாந்து ஊதவிட்டேன். இதுக்கு மேல நான் என்னதான் பண்ணணும்?"

மேனேஜர் கேட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார். டாக்டரின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் கை காட்டிய திசையில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன.

ராக்கெட் இன்னும் இறங்கவில்லை. பல் தந்தியடித்தது. "உ... உங்க வேகத்தை எந்த பிரேக்கும் தாங்காது மாமா."

"முதல்ல இந்தத் தண்ணியைக் குடிடா" என்று அக்கா ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டினாள். அவன் கை வரவில்லை. அவள் எட்டி உள்ளே பார்த்தாள்.

"ஓடும்போதுதான் விடல, வண்டி நின்னப்புறமாவது அந்த ஹேண்ட் பிரேக்கை விடுடா!"

உங்கள் வீட்டில் யார் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் பத்திரமாகத் திரும்பி வரட்டும். குறையொன்றும் இல்லாமல் நன்றாக இருங்கள், கண்ணுகளா.