பால் பிடிக்கிற நேரம்

நாகேஸ்வரியும் கையை உயர்த்தினாள்.

எதிர் வரிசையில் இருந்த தயாளினி அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நேற்றுப் பின்னேரம்கூட இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அம்மன் கோயில் முற்றத்தைக் கூட்டினார்கள்.

குளம் வற்றிக்கொண்டு போகிறது. வாய்க்கால் கடைசியில் கிடக்கிற வயல்களுக்கு இனித் தண்ணீர் இல்லை என்று வயல் செய்கிற கமக்காரர் சங்கத்தில் வாக்கெடுப்பு. அந்த வயல்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறின ஏழெட்டுக் குடும்பங்களுடையவை. மண்டபம் நிறைய மேல் வயல்காரர். கையை எண்ணவே தேவைப்படவில்லை.

"ஐயா, பயிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள் தண்ணி கெடைச்சா போதும், நெல்லு முத்திரும்," என்றாள் தயாளினி.

"அங்க வந்து சேர முந்திப் பாதித் தண்ணியை மண் குடிச்சிடுது, பிள்ளை," என்றார் சங்கத் தலைவர் சிற்றம்பலம். நாகேஸ்வரியின் புருசன். "கூடின கை வெல்லும். சனநாயகம் எண்டால் அதுதானே?"

"கொழும்பில பெரும்பான்மைக்காரங்க இதையே சொன்னா மட்டும் உங்களுக்குக் கோவம் வருது!"

யாரோ இருமினார்கள்.

"கோவிக்காதை. சங்க விதி இருக்கு. தோத்த பக்கம் திரும்பக் கேக்கேலாது. வெண்ட பக்கத்தில ஒராள் கேட்டால், முடிவை ஒரு கிழமைக்கு நிப்பாட்டி வைச்சு, எல்லாரும் போய் வயலைப் பாத்திட்டுத் திரும்பக் கை உயர்த்தலாம்."

"வெண்டவன் என்ன விசரனே, திரும்பக் கேக்க?" என்றான் மேல் வயல்காரன் சிவகரன். மண்டபம் சிரித்தது.

நாகேஸ்வரிக்கு அந்தச் சிரிப்புக் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே குளம் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. எது தண்ணீர், எது வானம் என்று தெரியவில்லை. அதற்குள்ளே பச்சைக் கதிர்கள் அசைவதுபோல அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நெல்லும் வாயைத் திறந்தபடி பாலுக்குக் காத்துக்கிடக்கிற குழந்தை மாதிரி. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய் எத்தனையோ வருசம். ஆனாலும் பால் கட்டினதுபோல அவளுக்கு நெஞ்சு கனத்தது.

"அம்மாளாச்சி," என்று உதடு முணுமுணுத்தது.

தண்ணீருக்குள் இருந்து எடுப்பதுபோல, கையை மெல்ல மறுபடியும் உயர்த்தினாள்.

"என்னப்பா, வாக்கெடுப்பு முடிஞ்சுது. கையை இறக்கும்," என்றார் சிற்றம்பலம்.

"தெரியும், தலைவர் ஐயா. நான் வெண்ட பக்கம். திரும்பக் கேக்கிறன்."

சிரிப்பு நின்றது. சிற்றம்பலம் மனுசியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கடைசி வாய்க்காலை ஒரு கிழமைக்குப் பூட்டுவதில்லை என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

வெளியே வந்ததும் தயாளினி ஓடிவந்து நாகேஸ்வரியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க ஒருத்தராவது எங்க பக்கம் கை தூக்குவீங்கன்னு நெனைச்சேன்."

"உங்கட பக்கம் தூக்கியிருந்தால், பிள்ளை, உங்களோட சேந்து அழத்தான் ஏலும்."