செண்பகவல்லி பெயரில்

இன்டர்நெட் இணைப்பை முத்துராஜ் தன் பெயரிலிருந்து மனைவி பெயருக்கு மாற்றியபோது செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வீட்டில் அவள் பெயரில் இருந்த ஒரே உடைமை அதுதான். தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

அடுத்த மாதமே பெண் போலீஸ் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

“உங்க இணைப்புலேருந்து அமைச்சருக்குக் கொலை மிரட்டல் போயிருக்கு. கிளம்புங்கம்மா.”

“எனக்கு டைப் அடிக்கவே தெரியாதே!”

“புது விதிப்படி கம்பெனிக்காரங்க ஒரு இன்டர்நெட் முகவரிக்கு ஒரு பேருதான் எழுதி வைக்கணும். யாரு மிரட்டுனாலும் அந்தப் பேருக்காரங்கதான் உள்ள போகணும்.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “என்னங்க, ராவும் பகலும் இன்டர்நெட்டுல எழுதுறது நீங்கதானே? சொல்லுங்களேன்!”

முத்துராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து நீட்டினான். அதில் அவளுடைய இரண்டு சேலைகளும் பிரஷர் மாத்திரையும் எப்போதோ எடுத்து வைக்கப்பட்டிருந்தன.